லீவுக்கென்று வைத்த குளிர்

எங்கள் தெருவில் கப்பலுக்குப் போனவர்களின் வீடுகளில் எந்தச் சாமானும் இரண்டு வகையாக இருக்கும். தினசரிக்கு ஒன்று, லீவுக்கு ஒன்று. லீவு என்றால் பள்ளிக்கூட லீவு இல்லை. ஒப்பந்தம் முடிந்து ஆண்கள் கப்பலிலிருந்து இறங்கி வீட்டில் இருக்கும் அந்த இரண்டு மூன்று மாதம். அதற்கென்று பூப்போட்ட படுக்கை விரிப்பும், விளிம்பில் தங்கக் கோடு ஓடும் தட்டுகளும், யாரும் உட்காராத சோபாவும் உறை போட்டுக் காத்திருக்கும். பக்கத்து வீட்டுக்காரி ஒரு படி மேலே போய், நல்ல புளியைக்கூட லீவுக்கென்று தனி ஜாடியில் எடுத்து வைப்பாள். நான் அவளைக் கேலி செய்திருக்கிறேன். ஊரைக் கேலி செய்கிறவள் தன் வீட்டைக் கொஞ்சம் பார்த்திருக்கலாம்.

நான் லீவுக்கென்று எடுத்து வைத்தது ஏசியில் இருக்கும் கேஸை.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் மகள் இன்றைக்கும் சிரிக்கிறாள். தமிழ் டீச்சருக்கு அறிவியல் எதற்கு என்பாள். இதில் நான் செய்தது தப்பு என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். என் நிலையில் இருந்த எவளும் அதைத்தான் செய்திருப்பாள். ஆனால் வருத்தம் இருக்கிறது. தப்பு செய்தவர்களுக்கு மட்டும்தான் வருத்தம் வரவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே.

என் வீட்டுக்காரர் கண்டெய்னர் கப்பல்களில் ரீஃபர் வேலை பார்த்தவர். இறால், மீன், இறைச்சி, வாழைப்பழம் என்று கெட்டுப்போகிற சரக்கெல்லாம் குளிர்ப்பெட்டிகளில் போகும். நடுக்கடலில் ஒரு பெட்டி குளிரை விட்டுவிட்டால் சரக்கு மொத்தமும் நாறிப்போகும். அந்தப் பெட்டிகளைக் காவல் காப்பது அவர் வேலை. கேஸ் அழுத்தம் பார்ப்பார், குறைந்திருந்தால் எங்கே ஓட்டை என்று தேடி அடைப்பார், திரும்ப ஏற்றுவார். சில நேரம் பனி உறைந்த பெட்டிக்கு உள்ளேயே போய் நின்று வேலை பார்க்க வேண்டியிருக்கும். வருஷத்தின் பெரும்பகுதி அவர் உலகத்து இறாலுக்கெல்லாம் குளிர் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் தூத்துக்குடியில் வெந்துகொண்டிருந்தேன்.

இதை நான் அவரிடம் ஒரு லீவில் சொல்லிக் காட்டினேன். மறுநாளே ஏசி வந்துவிட்டது. மாடியில் கடலைப் பார்த்த அறையில் மாட்டினார்கள். வேலை முடிந்ததும் அறைக் கதவைச் சாத்தி, ரிமோட்டை என் கையில் கொடுத்தார்.

“ஏளா, இனிமே இங்கனதான் நீ படுக்கணும். ராத்திரி ஒழுங்காத் தூங்குனாத்தான் பகல்ல பிள்ளையள ஏசாம இருப்பே” என்றார்.

“பிள்ளையள ஏசாட்டா டீச்சர்னு எவன் மதிப்பான்?” என்றேன்.

அந்த லீவில் மீதியிருந்த கொஞ்ச நாள் நாங்கள் இருவரும் அந்த அறையில்தான் படுத்தோம். விடிகாலையில் ஒரே போர்வைக்கு இழுபறி நடக்கும். ஜன்னல் கண்ணாடியில் ஈரம் படர்ந்திருக்கும். துறைமுகத்துச் சங்கு எங்கோ தூரத்தில் ஊதுவதுபோல் கேட்கும். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில், நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது அப்போதுதான். ஒருநாள் இவர் கப்பலை விட்டு ஒரேயடியாக இறங்கி வருவார், அன்றிலிருந்து இந்த அறையில் இந்தக் குளிரில் இரண்டு பேரும் கிடந்து வயதாகிக்கொள்ளலாம் என்று ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. என் ஆசை மொத்தமும் அவ்வளவுதான். நகையோ நிலமோ நான் கேட்டதில்லை.

அவர் போன பிறகு முதல் கோடையில் நானும் ஏசியைப் போட்டுத்தான் படுத்தேன். பொய் சொல்லக்கூடாது, சுகமாகத்தான் இருந்தது. மழை தொடங்கியதும் நிறுத்திவிட்டேன், அது மாதக்கணக்கில் சும்மா கிடந்தது. அடுத்த லீவுக்கு அவர் வருகிற நேரம் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கட்டும் என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். உடன்குடிப் பக்கத்துத் தம்பி ஒருவர். ரொம்ப மரியாதை, கொஞ்சம் அவசரம். வெளியே இருந்த பெட்டியில் மீட்டரை மாட்டிப் பார்த்தார்.

“கேஸ் குறைஞ்சிருக்கு டீச்சர். போட்டுருதேன்” என்றார்.

தம்பி போட்டுவிட்டுப் போன பிறகு நான் குசினியில் நின்று யோசித்தேன். அடுப்புக்குப் பக்கத்தில் சிலிண்டர் நின்றுகொண்டிருந்தது. எரித்தால் குறையும், குறைந்தால் புதிது வாங்க வேண்டும். அதுவும் கேஸ், இதுவும் கேஸ். நான் கோடை முழுக்க ஓட்டினேன், குறைந்துபோயிற்று. அவர் லீவுக்கு வந்திருக்கும்போது, நடுவில் ஒருநாள் தீர்ந்து போய்விட்டால்? நான் ஒருத்தி தனியாகக் குளிர் அனுபவித்துத் தீர்த்த கேஸ், அவருக்கு இல்லாமல் போய்விட்டால்?

அன்றைக்கு முடிவு செய்தேன். அவர் இல்லாதபோது அந்த அறை பூட்டித்தான் இருக்கும்.

அவர் ஒவ்வொரு தடவை கப்பலுக்குப் போனதும் என் பழைய சேலை ஒன்றை மடித்து ஏசிமேல் உறையாகப் போடுவேன். மெத்தையைச் சுருட்டுவேன். கதவைப் பூட்டிச் சாவியை மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் வைப்பேன். கீழே ஹாலில் பாய் விரித்துப் படுப்பேன். சித்திரை வைகாசியில் மேற்கேயிருந்து கச்சான் காற்று அடிக்கும்போது மின்விசிறி நெருப்பைத்தான் வாரி இறைக்கும். தலையணை நனைந்துவிடும். ஈரத் துண்டை மேலே போட்டுக்கொண்டால் அதுவும் காய்ந்துவிடும். சாயங்காலம் கடலிலிருந்து கொண்டல் காற்று வந்தால்தான் உயிர் வரும். மகள் வீட்டில் இருந்தவரை சண்டை போடுவாள். “அம்மா, மேல ஒரு மிஷின் சும்மா கெடக்கு, நாம கீழ வேவுதோம். ஒனக்குப் பைத்தியமா?” என்பாள். “அப்பா வரும்போது வேணும்ளா” என்பேன். அவள் கல்யாணமாகிப் போன பிறகு கேட்க ஆளும் இல்லை.

கப்பலிலிருந்து போன் வரும்போதெல்லாம் அவர் கேட்பார், ஏசி ஓடுகிறதா என்று. ஓடுகிறது என்பேன். அது என்ன பெரிய பொய். சாப்பிட்டாயா என்று கேட்டால் சாப்பிட்டேன் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

லீவு நெருங்கினால் அந்த மெக்கானிக் தம்பிக்குச் சொல்லி அனுப்புவேன். அறையைத் திறந்து, துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டு, பூப்போட்ட விரிப்பை விரிப்பேன். தம்பி மீட்டரை மாட்டுவார். ஒவ்வொரு தடவையும் கேஸ் குறைந்திருக்கும். போன லீவில் இவர் பகலும் ராத்திரியும் ஓட்டியதில் குறைந்தது என்று நானே கணக்குச் சொல்லிக்கொள்வேன். தம்பி ஒரு தடவை இல்லை, பல தடவை சொன்னார்.

“டீச்சர், இது எங்கனயோ லீக் ஆவுது. நைட்ரஜன் ஏத்தி நுரை போட்டுப் பாக்கணும். ஒரு நாள் பூரா ஆவும். சும்மா போட்டுப் போட்டு விடுதது சரியில்ல.”

“நாளைக்கு அவிய வாராவ தம்பி. இப்பம் குளிர்ந்தாப் போதும். லீக்க அவிய போனப்புறம் பாத்துக்கிடலாம்.”

அவர் போன பிறகு என்ன பார்ப்பது? அறையே பூட்டிக் கிடக்கும். பூட்டிக் கிடக்கிற அறையில் எது குறையப் போகிறது என்று இருந்துவிடுவேன். அந்தத் தம்பியை நான் குறை சொல்லமாட்டேன். வாசலில் கார் வந்து நிற்கப்போகிற அவசரத்தில் ஒருத்தி நின்றால் எந்த மெக்கானிக்கும் அதைத்தான் செய்வார். ரீஃபர் வேலை பார்த்த என் வீட்டுக்காரருக்கும் இது தெரிய வாய்ப்பில்லை. அவர் வருகிற நாளில் அறை குளிர்ந்திருக்கும். பெட்டியை வைத்துவிட்டு மாடிக்குப் போய், “ஆகா” என்று ஒரு சத்தம் போடுவார். அந்த ஒரு சத்தத்துக்காகத்தான் நான் ஒரு வருஷத்து வெக்கையைத் தாங்கிக்கொண்டிருந்தேன்.

இப்படியே வருஷங்கள் போயின. பிறகு ஒரு மே மாதம், பகல் பதினோரு மணி வெயிலில், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சொல்லாமல் கொள்ளாமல் அவர் இறங்கினார். ஒப்பந்தம் முடிய இன்னும் மாதங்கள் இருந்தன.

“என்னங்க இது? ஒரு போன் கெடையாதா?”

“முடிச்சிட்டேன்ளா. இனிமே போவல” என்றார்.

நான் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை அது. அவரைத் தொட்டுப் பார்க்கக்கூடத் தோன்றவில்லை. சாப்பிட எடுத்து வைக்கிறேன் என்றேன். அவர் மாடிப் படியை நோக்கிப் போனார். “கொஞ்சம் படுத்து எந்திரிக்கேன். உடம்பெல்லாம் வலி” என்றார்.

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிளகாய்ப்பொடி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நான் பூட்டைத் திறக்கும்போது அவர் பின்னாலேயே நின்றார். பூட்டைப் பார்த்தார். கதவு திறந்ததும் அடைந்து கிடந்த காற்று முகத்தில் அறைந்தது. சுருட்டிய மெத்தை, அதன்மேல் பரீட்சைத் தாள் கட்டுகள், ஏசிமேல் ஊதா நிறத்தில் என் சேலை.  அவர் சேலையை எடுத்து மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு ரிமோட்டை அமுக்கினார்.

காற்று வந்தது. குளிர் வரவில்லை. ஹால் மின்விசிறிக்கும் அதற்கும் வித்தியாசமே இல்லை.

படுக்கப் போன மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டு வேலையில் இறங்கிவிட்டார். அவர் வழக்கம் எனக்குத் தெரியும். மீட்டரை எடுப்பதற்கு முன்னால் மற்றதையெல்லாம் பார்ப்பார். அழுக்கு அடைத்திருந்தால் மீட்டரே பொய் சொல்லும் என்பார். ஏசியின் மூடியைத் தூக்கி, தூசி வடிகட்டும் வலையை வெளியே உருவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“இத எப்பம் கழுவுன?”

“அதையெல்லாம் யாரு கழுவுதா? நான் தொடவே இல்ல” என்றேன் பெருமையாக.

“போன லீவு முடியையில நான் கழுவி மாட்டுனது. அதுக்கப்புறம் ஓடியிருந்தா இதுல ஒரு விரக்கடை தூசி நிக்கணும். புதுசு கணக்கா இருக்கு.”

 அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ, அதற்குமேல் கேட்காமல் தன் பெட்டியிலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு வெளிப் பெட்டி இருந்த பால்கனிக்குப் போனார். குழாயின் முனையைத் திருகுவதற்கு அவர் விரல்கள் தடுமாறின. பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன். ஒருவழியாக மாட்டினார். மீட்டரின் முள் சற்றே அசைந்து அப்படியே படுத்துவிட்டது.

“காலி” என்றார். “இதுல ஒண்ணுமே இல்ல.”

“அது எப்படி? நான் ஒரு நாள்கூடப் போடலியே! நீங்க போனதுலேர்ந்து பொத்திப் பொத்தி வச்சிருக்கேன்.”

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு என்ன செய்ய? அங்கேயே, பால்கனி வெயிலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சிலிண்டரை, பூட்டை, ஹாலில் விரித்த பாயை. சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. அவரும் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மீட்டரைக் கீழே வைத்தார்.

“கேஸ் எரிஞ்சு தீருத சாமான் இல்லளா. உள்ளுக்குள்ளயே சுத்திச் சுத்தி வரும். ஓட்டை இல்லேன்னா ஆயுசுக்கும் அப்படியே கெடக்கும். நீ ராவும் பகலும் ஓட்டியிருந்தாலும் அது பாட்டுக்கு இருந்திருக்கும்.”

“எனக்கு யாரு இதச் சொன்னா?”

“ஏசி ஓடுதான்னு எத்தன மட்டம் கேட்டேன்? ஓடுதுன்னு சொன்னியே!” அவர் குரல் உயர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. “நீ குளிர்ல படுத்திருக்கேன்னு நெனச்சிட்டுல்லா நான் அங்கன பனிக்குள்ள நின்னேன். இன்னொரு ஒப்பந்தம், இன்னொரு ஒப்பந்தம்னு போனேனே, என்னத்துக்கு? என் வீட்டுல ஒருத்தியாவது சொகமாத் தூங்குதான்னுதான். நீ கீழ பாயில கெடந்து வெந்திருக்கே!”

“நீங்க இல்லாம எனக்கு என்ன குளிரு வேண்டிக் கெடக்கு?” நானும் கத்தினேன். கத்திவிட்டு அழுதேன். அவர் என்னைத் தேற்றவில்லை. கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று மத்தியானம் நாங்கள் இருவரும் ஹாலில்தான் படுத்தோம், ஆளுக்கொரு பக்கம் திரும்பி.

மறுநாள் காலையில் மெக்கானிக் தம்பி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குத் தர்மசங்கடம். “நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன் அண்ணாச்சி” என்றார். “தெரியும். ஒம்மேல ஒண்ணுமில்ல” என்றார் இவர். அவரும் இவரும் சேர்ந்து நைட்ரஜனை ஏற்றினார்கள். பிறகு இணைப்பு இணைப்பாகச் சோப்பு நுரையை வைத்துக்கொண்டே வந்தார்கள். வெளியே ஒன்றும் இல்லை. உள்ளே, சுவரில் இருந்த பகுதியைத் திறந்ததும் தம்பி உச்சுக்கொட்டினார். செம்புக் குழாய் வளைகிற இடமெல்லாம் பச்சை பிடித்து, மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. நுரை வைத்த இடங்களில் பொடிப்பொடியாகக் குமிழி வந்துகொண்டிருந்தது. ஒரு இடம் இல்லை, பல இடம்.

“உப்புக்காத்து தின்னுட்டு” என்றார் தம்பி.

“தெரு பூராத்தான் உப்புக்காத்து அடிக்கி. எதிர்வீட்டு ஏசி நல்லாத்தானே ஓடுது?” என்று கேட்டேன். எனக்கு அப்போதும் மனம் ஒப்பவில்லை.

“அவிய தெனமும் ஓட்டுதாவ டீச்சர். ஓடுனா உள்ள தண்ணி கோத்துச் சொட்டும்லா, அது உப்பக் கழுவிட்டுப் போயிரும். நீங்க ஓட்டாம வச்சதுனால உப்பு அங்கனயே குந்தியிருந்து அரிச்சிட்டு.”

தம்பி சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். நான் காவல் வைத்திருந்தேன் என்று நினைத்தேனே, அந்தக் காவலே அதைத் தின்றிருக்கிறது. அவருக்கென்று நான் கீழே வெந்துகொண்டிருந்த ராத்திரிகளில், பூட்டிய அறைக்குள், யாருக்கும் ஒரு மூச்சுக் குளிரைக்கூடக் கொடுக்காமல், அந்தக் கேஸ் ஊசித் துளை வழியாகப் போய்க்கொண்டே இருந்திருக்கிறது. அனுபவித்திருந்தால் இருந்திருக்கும். ஆசைப்பட்டு வைத்ததால் போய்விட்டது. எத்தனை வைகாசி, எத்தனை நனைந்த தலையணை! மகளும்தானே என்னோடு வெந்தாள். பத்தாவது பரீட்சைக்கு ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டுக்கொண்டு படித்த பிள்ளை அவள். அந்த வருஷங்களை எந்த மீட்டரை வைத்து, எந்த வழியாகத் திரும்ப ஏற்றுவது? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அந்தக் குழாய்க் கூட்டை மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். புதிது வர நாலைந்து நாள் ஆனது. அது வந்த அன்று இரண்டு பேரும் சாவகாசமாக வேலை பார்த்தார்கள். அவசரப்படுத்த நான் வாயே திறக்கவில்லை. திரும்ப நைட்ரஜன், திரும்ப நுரை. குமிழி இல்லை. பிறகு ஒரு பம்பை வைத்து உள்ளே இருந்த காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சினார்கள். அதை நிறுத்திவிட்டு, முள் ஏறுகிறதா என்று காத்திருந்தார்கள். நான் டீ போட்டுக் கொண்டுவந்தேன். முள் ஏறவில்லை.

தம்பி வழக்கம்போல மீட்டரைப் பார்த்து, குழாய் வியர்க்கிறதா என்று தடவிப் பார்த்துக் கேஸ் போடப் போனார். இவர் விடவில்லை. “எங்க கப்பல் குளிர்ப்பெட்டியில ஒரு சின்னக் கண்ணாடிக் கண்ணு இருக்கும். குமிழி ஓடுனா குறைவு, தெளிஞ்சா சரி. வீட்டு ஏசியில அது கெடையாது. அதனால எடைதான் பேசும்” என்றார். வெளிப் பெட்டியில் ஒட்டியிருந்த தாளில் எவ்வளவு போட வேண்டும் என்று எழுதியிருந்தது. கேஸ் உருளையைத் தராசில் வைத்து, குறைகிற எடையைப் பார்த்துப் பார்த்து, குழாயின் நீளத்துக்கும் கொஞ்சம் சேர்த்து, நகை எடை போடுகிற மாதிரி ஏற்றினார்கள். கூடவும் கூடாதாம். கூடினால் கம்பிரசருக்கு மூச்சு முட்டும் என்றார்.

கடைசியில் குழாயைக் கழற்றும்போது மிச்சமிருந்த கேஸ் ‘உஸ்’ என்று வெளியே சீறி அவர் கையில் பட்டது. ஒரு நொடிதான். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் விரல்கள் நுனியிலிருந்து வெளுத்துக்கொண்டே வந்தன. சுண்ணாம்பில் முக்கி எடுத்த மாதிரி ஆகிவிட்டன. கையிலிருந்த ஸ்பேனர் கீழே விழுந்தது.

“அண்ணாச்சி! கை என்ன இப்படி இருக்கு?” தம்பி பதறினார்.

“ஒண்ணுமில்ல. சரியாயிரும்” என்று கையை அக்குளுக்குள் வைத்துக்கொண்டார்.

தம்பி போன பிறகு வெந்நீரில் துணியை நனைத்து அவர் விரல்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டேன். ரத்தம் திரும்பி வரும்போது வலிக்கும்போல. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சொன்னார். காலமெல்லாம் பனிப்பெட்டிக்குள் நின்றதில் விரல்கள் கெட்டுவிட்டன. இப்போது கொஞ்சம் குளிர்ந்தாலும் மரத்துப்போகின்றன. கம்பெனி டாக்டர், இனி குளிரே ஆகாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால்தான் பாதியில் இறக்கிவிட்டார்கள்.

“குளிரே ஆகாதுன்னா?”

“ஆகாதுன்னா ஆகாதுதான்” என்றார்.

மாடியில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அறை நன்றாகக் குளிர்ந்திருந்தது. அதை எனக்காகத்தான் அவர் நாலைந்து நாள் மினக்கெட்டுச் சரி செய்திருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. அன்று மத்தியானம் நான் கட்டாயப்படுத்தியதால் அவரும் வந்து படுத்தார். கையை இரண்டு தலையணைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டார். நான் கண்ணை மூடியபடி விழித்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் சத்தமில்லாமல் எழுந்தார். கதவைத் திறந்து வெளியே போனார்.

ஏசியை அணைத்துவிட்டு நானும் பின்னால் போனேன். எனக்கும் வேண்டாம், ஹாலிலேயே இரண்டு பேரும் மின்விசிறிக்கு அடியில் இருந்துகொள்ளலாம், எனக்குப் பழகியதுதானே என்றேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

“எனக்கு ஆவலன்னு நீயும் விட்டுட்டேன்னா, நான் இத்தன வருஷம் அங்கன கெடந்தது எதுக்கு? போய்ப் படுளா. போட்டுட்டுப் படு. எனக்காவ.”

அவருக்காக என்ற வார்த்தையைச் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்? போய்ப் படுத்தேன்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் மாடிக்கு வந்து ஏசியைப் போட்டுக் கொடுப்பார். வருஷத்துக்கு இரண்டு முறை வலையைக் கழுவுகிறார், மீட்டரை மாட்டிப் பார்க்கிறார். மாட்டுவதற்கு அந்தத் தம்பி வரவேண்டும். பார்ப்பது இவர். கேஸ் இம்மியும் குறையவில்லை. நான் உள்ளே படுத்திருப்பேன். அவர் கதவுக்கு வெளியே, மாடி ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பனியனோடு, பேப்பரால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவருக்குத் திருப்தி. எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவர் செருமுவதும் நாற்காலி கிரீச்சிடுவதும் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கும். அவர் கடல் கடந்து இருந்தபோதாவது, ஒருநாள் வருவார் என்று ஓர் எண்ணம் இருந்தது.

போன வாரம் ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய்க் கதவை அகலத் திறந்து, ஒரு நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டு வந்து படுத்தேன். அங்கிருந்து அவர் முதுகு தெரிந்தது.

“ஏளா, கதவ அடை. குளிரு பூரா வெளிய போவுது.”

“போனாப் போவட்டும்.”

“கரண்டு வீண்.”

“இருக்கட்டும்.”

 அவர் விசிறுவது நின்றது. நான் அவர் முதுகைப் பார்த்தபடி படுத்திருந்தேன். குளிர் அவர் நாற்காலிவரை போகவில்லை. ஹாலின் வெக்கைதான் மெல்ல உள்ளே வந்தது. என் கழுத்து வியர்க்கத் தொடங்கியபோது அவர் எழுந்து வந்தார். முட்டுக்கொடுத்த நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்தார். என் முகத்தைப் பார்க்காமல், சத்தம் வராதபடி மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டுப் போனார்.